ஆசிரியரை ஆக்கும் ஆசனம் வெறிதாய்க் கிடப்பதோ?

பல்கலைக்கழகத்திலே கல்வியியல் விரிவுரையாளர் பதவியொன்று வெற்றிடமாய்க் கிடக்கிறது என்று சொன்னால் நம்மவர் எவரும் பதறுவதில்லை. வைத்தியசாலையில் வைத்தியர் இல்லையென்றால் ஊர் திரண்டு வாசலில் நிற்கிறது. உரமானியம் பிந்தினால் கமக்காரர் சங்கங்கள் மகஜர் எழுதுகின்றன. ஆசிரியருக்குக் கற்பிப்பவர் இல்லையென்றால் மட்டும் பத்திரிகையின் உட்பக்கத்தில் ஒரு விளம்பரம் வருகிறது. முடிவுத் திகதி கடக்கிறது. அதை வாசித்தவரும் மறந்துவிடுகிறார், போட்டவரும் மறந்துவிடுகிறார். இந்த மறதியைக் கண்டிக்கவே எழுதுகிறோம். உத்தியோகம் தேடும் நாலு பட்டதாரிகளின் காரியம் இது என்று எண்ணுவோர் ஏமாந்து போவர். தமிழ்ப் பிள்ளை தமிழிலே கற்கும் உரிமை இந்த ஆசனங்களின் மேலேயே நிற்கிறது.

வலிகாமத்துச் செம்மண்ணிலே வெங்காயம் செய்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விளைந்ததில் திறமானதைத் தெரிந்து அடுத்த போகத்துக்கு விதையாக வைப்பவரே கமக்காரர். விலை ஏறிவிட்டதென்று விதைவெங்காயத்தையும் சந்தைக்கு அனுப்பியவர் அடுத்த போகத்தில் பிறரிடம் கைநீட்டுவார். வாங்கிய விதை எந்த நிலத்தில் விளைந்தது, என்ன நோயைச் சுமந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. விதை உருளைக்கிழங்கு கப்பலில் வந்து சேரும்வரை உழுத நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அவதியும் நம் மக்கள் அறிந்ததே. பள்ளிக்கூடம் வயல் என்றால் ஆசிரியர் பயிர்; அந்த ஆசிரியரைப் பயிற்றுபவரே விதை. அந்த விதையைத்தான் நாம் பிறரிடம் வாங்கக் காத்திருக்கிறோம்.

கோர்வையைச் சற்றே பாருங்கள். கிராமத்துப் பாடசாலையில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை கோப்பாயிலே பயிற்சி பெற்றவர். கோப்பாயில் ஆசிரிய கலாசாலையும் இருக்கிறது, தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கிறது. அங்கே அவருக்குக் கற்பிக்க வேண்டியவர் இலங்கை ஆசிரியர் கல்வியியலாளர் சேவையைச் சேர்ந்தவர். அச்சேவையின் வெற்றிடங்கள் வர்த்தமானியிலே பாடவாரியாகவும் மொழிவாரியாகவும் வருகின்றன. அவர் தம் பட்டப்பின் படிப்பை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கல்வியியற்றுறையிலோ கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்திலோ பெற்றிருப்பார். இவர்கள் எல்லாரும் கைக்கொள்ளும் பாடத்திட்டமும் ஆசிரியர் கைநூலும் மகரகமையிலே, 1985 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய கல்வி நிறுவகத்திலே உருவாகின்றன. ஆக, கோப்பாய், திருநெல்வேலி, கொழும்பு, மகரகமை என நான்கு இடங்களிலே தமிழில் சிந்தித்துத் தமிழில் ஆராயும் மனிதர் அமர்ந்திருக்க வேண்டும். ஓர் இடத்தில் ஆசனம் வெறிதானால் அந்தக் குறை மூன்றாம் வகுப்பு வரை வந்து சேர்கிறது. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரைந்ததைத் தமிழுக்குப் பெயர்த்துத் தருகிறார்கள் என்பது நம் ஆசிரியர்கள் ஆண்டாண்டாகச் சொல்லிவரும் குறை. தமிழில் வரைய ஆள் இல்லாத இடத்திலே மொழிபெயர்ப்பாளரே பாடத்திட்ட ஆசிரியராகிவிடுகிறார்!

தெல்லிப்பழையில் நின்று இதைச் சொல்ல எமக்குச் சற்று அதிக உரிமை உண்டு. 1816 இலேயே அமெரிக்க மிஷன் இவ்வூரில் பாடசாலை தொடங்கிற்று; இன்றைய யூனியன் கல்லூரி அதன் வழிவந்தது. இங்கே பயின்று வட்டுக்கோட்டைக்குச் சென்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். 1910 இல் பாவலர் துரையப்பா பிள்ளை மகாஜனக் கல்லூரியைத் தோற்றுவித்தார். மிஷனிடம் பாடசாலையும் ஆசிரிய பயிற்சியும் சேர்ந்தே இருந்ததைக் கண்ட சைவ மக்கள், பாடசாலை மட்டும் கட்டினாற் போதாது, ஆசிரியரையும் நாமே ஆக்கவேண்டும் என்று தெளிந்தனர். 1923 இல் எழுந்த சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊரூராய்ப் பாடசாலை நிறுவியதோடு நில்லாமல், திருநெல்வேலியிலே சைவாசிரியர் கலாசாலையையும் நடத்தியது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அங்கே தலைமுறையொன்றுக்குத் தமிழ் கற்பித்தார். சமயப் போட்டியின் கசப்பு அக்காலத்தில் இருந்தது. அதை நாம் பூசி மெழுகவில்லை. ஆயினும் ஆசிரியரை ஆக்குபவர் யார் என்ற கேள்வியின் கனத்தை அத்தலைமுறை அறிந்திருந்தது.

பின்னர் 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. உதவி பெறும் பாடசாலைகளையும் பயிற்சிக் கலாசாலைகளையும் அரசின் முகாமையின் கீழ்க் கொணர்ந்த சட்டம் அது. சமயச் சண்டை ஒழியும் என்று அதனை வரவேற்றவர்கள் நம்முள்ளும் இருந்தனர். சண்டை ஒழிந்ததோ இல்லையோ, யாழ்ப்பாணத்தில் ஆசிரியரைப் பயிற்றுபவர் யார், எத்தனை பேர் என்ற முடிவு கொழும்புக்குப் போய்விட்டது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த துணியோடு வெளியேறியபோது பலாலி ஆசிரிய கலாசாலையும் தன் மனையை இழந்தது. உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட காணிகளிற் சில இன்றும் உரியவர் கைக்கு வரவில்லை. காணியைப் பற்றி நாம் பேசுகிறோம், பேசவும் வேண்டும். அந்த மனையிலே நடந்துவந்த பணியைப் பற்றி எத்தனை மேடையில் பேசினோம்?

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை, தேசிய மொழிகள் இரண்டில் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரித்தை எவருக்கும் தருகிறது. அதன் இரண்டாம் பந்தி இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அரசின் நிதியில் நடக்கும் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு பாடநெறியோ துறையோ பீடமோ ஒரு தேசிய மொழியில் கற்பிக்குமானால், மற்றைத் தேசிய மொழியிற் கற்றுவந்த மாணவருக்கு அம்மொழியிலும் கற்பிக்க வேண்டும். கேட்க இனிக்கிறதன்றோ? ஆனால் அதன் வாலிலே ஒரு காப்புவாசகம் தொங்குகிறது. அதையொத்த பாடநெறி மற்றைய மொழியில் வேறொரு பல்கலைக்கழகத்தில் நடக்குமாயின், முதற் பல்கலைக்கழகம் அதைச் செய்யக் கடமைப்பட்டதன்று.

இந்த வாலைப் பிடித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலே தமிழில் கல்வியியல் உண்டு என்று பெயரளவில் இருந்தாற் போதும், தெற்கிலே எந்தப் பல்கலைக்கழகமும் ‘எமக்குக் கடமையில்லை’ என்று கூறலாம். யாழ்ப்பாணத்தில் துறை இருக்கும், பெயர்ப்பலகை இருக்கும், ஆனால் ஆசனத்தில் ஆள் இராது. அப்போதும் காப்புவாசகம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். உரிமையை நீக்கச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை, மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டியதில்லை. விளம்பரத்தைப் பிந்தப் போட்டாற் போதும். 1956 இல் தமிழை நீக்கச் சட்டம் இயற்றினார்கள், நாம் காலிமுகத் திடலில் அமர்ந்தோம். வெற்றிடத்துக்கு எதிராக எத்திடலில் அமர்வது?

சொல்லப்படும் சாக்குகள் இரண்டு. முதலாவது, பணமில்லை. 2022 ஏப்பிரிலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. அரச சேவைக்கான ஆட்சேர்ப்பு இறுக்கப்பட்டது. விரிவுரையாளர் பலர் நாட்டைவிட்டுப் போயினர். இது பொய்யன்று. ஆனால் பஞ்சகாலத்திலே ஒரு வீட்டில் எந்தப் பிள்ளையின் கஞ்சி முதலிற் குறைகிறது என்பதை வைத்தே அந்த வீட்டின் நீதி அறியப்படும். சிங்கள மூலக் கல்வியியலுக்குப் பல இடங்களில் பலர் உளர். ஒருவர் போனால் மற்றவர் தாங்குவார். தமிழ் மூலத்திலே ஒருவர் போனால் ஒரு பாடமே போய்விடுகிறது. இரண்டுக்கும் ஒரே அளவு கத்தரி வைப்பது சமத்துவமாகாது; சட்டம் பயின்ற எவரும் இதை அறிவர்.

இரண்டாவது சாக்கு, தகுதியானவர் விண்ணப்பிக்கவில்லை என்பது. எது தகுதி? 1997 இல் வந்த 721 ஆம் இலக்கச் சுற்றறிக்கை வழியில், சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ பெற்றவருக்கே தகுதிகாண் விரிவுரையாளர் என்னும் முதல் வாசல் எளிதாகத் திறக்கிறது. வேறு வாசல்களும் உண்டென்பதை நாம் மறைக்கவில்லை. பௌதிகத்துக்கும் கணிதத்துக்கும் இந்த அளவுகோல் பொருந்தலாம். கல்வியியலுக்கு? இருபது ஆண்டு வன்னியிலும் தீவகத்திலும் கற்பித்து, இடம்பெயர்ந்த பிள்ளையையும் தந்தையை இழந்த பிள்ளையையும் எழுத்தறிய வைத்து, வேலையோடு வேலையாகக் கல்வி முதுமாணியும் முடித்த ஆசிரியர், பொதுப் பட்டதாரி என்ற ஒரே காரணத்தால் வரிசையின் கடைசியில் நிற்கிறார். வகுப்பறையில் ஒரு தவணையேனும் நின்றிராத இளைஞர் முன்னே செல்கிறார். இளைஞரை நாம் பழிக்கவில்லை, அவரும் வேண்டும். ஆனால் பல்கலைக்கழகத்திற் கற்றுப் பட்டம் பெறாத பண்டிதமணி இன்று உயிரோடு வந்து விண்ணப்பித்தால் நேர்முகப் பரீட்சைக்கே அழைக்கப்படமாட்டார் என்பதையாவது மூதவைகளில் அமர்ந்திருப்போர் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

ஆராய்ச்சியின் கதியோ இதனினும் பரிதாபமானது. பதவி உயர்வுக்குப் புள்ளி தருவது பெரும்பாலும் ஆங்கிலச் சர்வதேச சஞ்சிகைக் கட்டுரை. வீட்டில் பேசும் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் இடையில் ஆறு வயதுப் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது? நலன்புரி நிலையத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை எந்த வகுப்பில் பள்ளியை விட்டது, ஏன் விட்டது? மலையகத்துப் பிள்ளைக்குக் கொழும்புப் புத்தகத்தின் உதாரணங்கள் விளங்குகின்றனவா? இவற்றைத் தமிழில் ஆராய்ந்து தமிழ் ஆசிரியர் படிக்கத் தமிழில் எழுதுபவருக்கு என்ன புள்ளி? இலண்டனும் சிக்காகோவும் இக்கேள்விகளுக்கு நமக்காக விடை தேடித் தரப்போவதில்லை. விடை கிடையாத இடத்தை ரியூட்டறிகள் நிரப்புகின்றன. வெங்காயம் விற்ற காசைக் கொண்டுபோய் மாலை வகுப்பிலே கொட்டும் கமக்காரர், ஆளில்லாத அந்த ஆசனத்துக்குத்தான் மாதாமாதம் வரி கட்டுகிறார் என்பதை அறிவாரா?

சிறுபான்மை மொழிக்கு இதெல்லாம் ஆடம்பரம் என்பார்க்குப் பின்லாந்தைக் காட்டுகிறோம். அங்கே சுவீடிய மொழி பேசுவோர் நூற்றுக்கு ஐவர் அளவினர். அவர்களுடைய பாடசாலைகளுக்கு ஆசிரியரை ஆக்குவதற்கு வாசா நகரிலே அபோ அக்கடமியின் கல்விப் பீடம் சுவீடிய மொழியில் நடக்கிறது. கற்பித்தல் அம்மொழியிலேயே. இலங்கையில் தமிழ் பேசும் மக்களோ நாலில் ஒரு பங்கினர். நமக்கு இரண்டு விளம்பரத்துக்கு நடுவே ஒரு தற்காலிக உதவி விரிவுரையாளர்! தமிழ்நாட்டிலும் 2008 இல் ஆசிரியர் கல்விக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். அங்கே எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை, இடமாவது ஒதுக்கினார்கள் என்கிறோம்.

நம்மவரையும் இரண்டு வார்த்தை கேளாமல் விட இயலாது. வைத்தியரும் பொறியியலாளரும் ஆகாத பிள்ளையைத்தானே ‘ரீச்சிங்குக்கு விடுங்கோ’ என்கிறோம்? நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் நியமனப் பட்டியல்களுக்காக அமைச்சு வாசல்களில் ஏறி இறங்குவர்; கல்வியியற் கல்லூரி ஒன்றின் ஆளணியைப் பற்றிக் கேள்வி எழுப்பக் காணோம். பதின்மூன்றாம் திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையிலே, சேவைக்காலப் பயிற்சி நடத்தவும் ஆரம்பப் பாடத்திட்டத்தில் பிரதேச வேறுபாடு செய்யவும் மாகாணத்துக்கு இடமுண்டு. அதற்கும் தேசிய கல்வி நிறுவகத்தின் முன் அங்கீகாரம் வேண்டும் என்று பூட்டுப் போட்டிருக்கிறது. பூட்டைக் குறைகூறலாம், 2013 முதல் 2018 வரை வட மாகாண சபை இருந்த ஐந்து ஆண்டுகளில் அந்தப் பூட்டின் திறப்பை எத்தனை முறை கேட்டோம்? அதன்பின் தேர்தலின்றிக் கிடந்த சபையிடம் யார் போய்க் கேட்பது?

நாம் கேட்பது இவை. தமிழ் மூலக் கல்வியியல் பதவிகளை ஆட்சேர்ப்புக் கட்டுப்பாட்டிலிருந்து திறைசேரி விலக்கவேண்டும்; 21 ஆம் உறுப்புரையே அதற்குக் காரணம், சலுகையாக எவரும் தரவேண்டாம். நீண்ட வகுப்பறை அனுபவத்தை ஆட்சேர்ப்பில் எடைபோட வேண்டும். தமிழில் வெளிவரும், அறிஞர் ஒப்புநோக்கிய ஆய்வுக்கு முழுப் புள்ளி வேண்டும். மகரகமையிலே பாடத்திட்டம் மொழிபெயர்ப்புக்கு வருமுன் வரைவுக் குழுவிலேயே தமிழ் அறிஞர் அமரவேண்டும்.

மறுத்தால்? மொழியுரிமை மீறப்பட்டால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள். வெற்றிடம் என்பது ஒரு நாளில் நடந்து முடியும் செயலன்று; அந்த ஒரு மாதம் எந்நாளில் தொடங்கும் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து கேட்பார். தொடர்ந்து நிகழும் மீறல் என்ற கொள்கையை நீதிமன்றம் சில வழக்குகளில் ஏற்றிருக்கிறது. அதை மட்டும் நம்பிப் படியேற நாம் ஆலோசனை கூறோம். முதலில் கையிலே எழுத்து வேண்டும்.

அந்த எழுத்தைப் பெற 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கும் கல்வி அமைச்சுக்கும் தேசிய கல்வி நிறுவகத்துக்கும் மூன்றே கேள்விகள் எழுதுங்கள். தமிழ் மூலக் கல்வியியலுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை? நிரந்தரமாக நிரப்பப்பட்டவை எத்தனை? நிரப்பப்படாதவை ஒவ்வொன்றும் எந்தத் திகதியிலிருந்து வெற்றிடம்? தகவல் தருவதா இல்லையா என்று பதினான்கு வேலை நாளுக்குள் அவர்கள் தீர்மானித்தாக வேண்டும்; மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதிபர், வைத்தியர், பொறியியலாளர், கமக்காரர் எவரும் எழுதலாம். எழுத நேரமில்லாதவருக்கு எழுதிக்கொடுப்பது வலிகாமம் வடக்கில் கறுப்பு அங்கி தரிக்கும் நம் அனைவரதும் கடன். அதற்குக் கட்டணம் கேட்கும் சட்டத்தரணி எவராயினும் இருந்தால் அவர் பெயரையும் எமக்கு எழுதி அனுப்புங்கள்.