சுட்டிய விரலும் சுவைக்காத பீட்சாவும்

நாட்டுத் தலைவர்களைப் பற்றிய பொது அறிவு வினாக்கள் மாணவர்க்குப் புதியனவல்ல. இன்னார் எந்த ஆண்டிற் பதவியேற்றார், எந்த உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டார் என்றெல்லாம் மனனஞ் செய்கின்றோம். பரீட்சை மண்டபத்திலே ஒப்புவிக்கின்றோம். வாயிலைத் தாண்டியதும் மறந்துவிடுகின்றோம். இவ்வாரம் சற்றே வேறுவிதமான மூன்று வினாக்களைத் தருகின்றேன். வீட்டிலுள்ளோர் யாவரும் ஒருங்கிருந்து விடைகாண முயலலாம்.

ஒன்று: வல்லரசொன்றின் தலைவராயிருந்தவர், பதவி நீங்கியபின் உணவுச்சாலை விளம்பரமொன்றிலே தோன்றினார். ஆயினும் அங்கே விற்கப்படும் உணவை அவர் வாயில் வைக்கவில்லை. அவர் யார்?

இரண்டு: கட்டணஞ் செலுத்தி ஒரேயொரு முறை மாத்திரமே காட்டப்பட்டு, அரை நூற்றாண்டு கடந்த பின்னும் பேசப்படும் தேர்தல் விளம்பரம் எது?

மூன்று: எளிமையே உருவாய் வாழ்ந்த மகான் ஒருவரின் பெயரிலே 11 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட விலையிற் பேனா விற்பனைக்கு வந்தது. அந்த மகான் யார்?

விடைகள் தாமாகவே வந்து சேரும். அதற்கு முன் ஒன்று சொல்லவேண்டும். பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்பது நம்மவர் வழக்கு. ஆனால் நாட்டை ஆளவந்தோரிற் பெரும்பாலார் விளம்பரத்தை வேண்டாமென்று சொன்னதில்லை. விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு: நமக்குக் காட்டுவது ஒன்று, காட்டாது விடுவது மற்றொன்று. முன்னதை நாம் நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கின்றோம். பின்னதைத் தேடிப் பார்ப்போர் சிலரே.

சுட்டிய விரல்

1914 ஆம் ஆண்டு முதலாம் உலக மகாயுத்தம் மூண்டபோது பிரித்தானியாவின் யுத்த அமைச்சராயிருந்தவர் கிச்சினர் பிரபு. அவ்வாண்டு செப்டெம்பர் 5 ஆந் திகதி வெளிவந்த ‘இலண்டன் ஒப்பீனியன்’ என்னும் சஞ்சிகையின் அட்டையிலே அவர் முகம் இடம்பெற்றது. அடர்ந்த மீசை, நேர்கொண்ட பார்வை, காண்போரை நோக்கி நீட்டிய சுட்டுவிரல். உன் நாட்டுக்கு நீ தேவை என்பது அதன் கருத்து. வரைந்தவர் அல்பிரட் லீற் என்னும் ஓவியர். சித்திரத்தை எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் விரல் தம்மையே சுட்டுவதாகப் பார்ப்போர் உணர்ந்தனர்.

அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிய 1917 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மொன்ட்கொமரி பிளக் என்னும் ஓவியர் அதே பாணியில் ‘சாம் மாமா’வின் சுவரொட்டியைத் தீட்டினார். யுத்தம் முடிவதற்குள் 40 இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் அச்சாயின. சாம் மாமாவின் முகத்துக்கு மாதிரியாக அமைந்தவர் யார் தெரியுமா? ஓவியரேதான். தம் முகத்துக்கு வெண்தாடியும் முதுமையும் கூட்டி வரைந்துகொண்டார்.

இனிக் காட்டாது விட்டதைப் பார்ப்போம். கிச்சினர் படம் வெளிவந்த செப்டெம்பர் மாதத்தில் மாத்திரம் நான்கரை இலட்சத்துக்கும் அதிகமானோர் படையிற் சேர்ந்தனர். ஆனால் அந்த வெள்ளம் படம் வெளிவருமுன்னரே பெருகத் தொடங்கிவிட்டது. படத்தினாலேயே படை திரண்டது என்ற எண்ணம் பிற்காலத்தில் வலுப்பெற்றதாகும். 1916 ஆம் ஆண்டில் வேண்டுகோள் போதாமற்போகக் கட்டாய இராணுவ சேவைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூன் 5 ஆந் திகதி கிச்சினர் சென்ற கப்பல் ஓர்க்னித் தீவுகளுக்கு அருகே கண்ணிவெடியில் மோதி மூழ்க, அவரும் மாண்டார். பிரித்தானியத் தீவுகளைச் சேர்ந்த ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர் அந்த யுத்தத்தில் மடிந்தனர். வா என்று அழைத்த விரல், எத்தனைபேர் திரும்புவர் என்று சொல்லவில்லை.

விடைக்குப் பின் வந்த வினா

1952 ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலிலே தளபதி ஐசன்ஹோவர் போட்டியிட்டார். அவரை மக்கள் செல்லமாக ‘ஐக்’ என்று அழைத்தனர். ‘ஐ லைக் ஐக்’, அதாவது எனக்கு ஐக்கைப் பிடிக்கும் என்ற மூன்றே சொற்கள் நாடெங்கும் ஒலித்தன. வால்ட் டிஸ்னி நிறுவனத்து ஓவியர்கள் அதற்கொரு கேலிச்சித்திரப் படமும் ஆக்கிக்கொடுத்தனர்.

அவருடைய தொலைக்காட்சி விளம்பரங்களை வகுத்தவர் ரொசர் ரீவ்ஸ். கையில் உருகாது, வாயிற்றான் உருகும் என்று ஒரு சொக்கிலேற்று மிட்டாய்க்கு விளம்பர வாசகம் அளித்தவரும் இவரே. சாதாரணக் குடிமகன் ஒருவர் வினா எழுப்புவார். தளபதி சுருக்கமாக விடை பகர்வார். இருபது விநாடியில் யாவும் முடிந்துவிடும். பார்த்தவர்கள் இருவரும் எதிரெதிரே நின்று உரையாடுவதாகவே எண்ணினர். உண்மை வேறு. தளபதி ஒரே நாளில், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுப் பெரிய எழுத்துப் பலகைகளைப் பார்த்து, 40 விடைகளைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகே வினாக் கேட்போரை நியூயோர்க் நகரில் தேடிப்பிடித்துப் படமெடுத்து ஒட்டினார்கள். நம் பாடசாலைகளிலே வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றோம். அங்கே விடைத்தாளுக்கு வினா எழுதப்பட்டது!

ஐசன்ஹோவர் 48 மாநிலங்களில் 39 ஐ வென்றார். அவரை எதிர்த்த அட்லாய் ஸ்ரீவன்சன், உயர் பதவிக்குரிய வேட்பாளரைக் காலையுணவுத் தானியம்போல விற்பது சனநாயகத்துக்கே இழிவு என்று 1956 ஆம் ஆண்டில் மனம் நொந்து கூறினார். அவ்வாண்டும் அவர் தோற்றார்.

சிறுமியும் பூவும்

இரண்டாவது வினாவுக்கு விடை இதோ. 1964 ஆம் ஆண்டு செப்டெம்பர் 7 ஆந் திகதி இரவு அமெரிக்கத் தொலைக்காட்சியிலே ஒரு சிறுமி தோன்றினாள். பூவொன்றின் இதழ்களைக் கிள்ளிக் கிள்ளி எண்ணினாள். எண்ணும்போது மழலையாய்ப் பிழையும் விட்டாள். அவள் எண்ணி முடிக்கும் வேளையில் ஆடவர் குரலொன்று பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணத் தொடங்கியது. சிறுமியின் கண்மணி திரை முழுவதும் விரிந்தது. எண்ணிக்கை பூச்சியத்தைத் தொட, அணுகுண்டு வெடித்துப் புகை குடைபோல் எழுந்தது. பின்னர் ஜனாதிபதி ஜோன்சனின் குரல் கேட்டது.

எதிர்வேட்பாளர் கோல்ட்வாட்டரின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. இருந்தும், அவர் கையில் அதிகாரம் சென்றால் அணுயுத்தம் மூளும் என்றே பார்த்தவர்கள் விளங்கிக்கொண்டனர். எதிர்த்தரப்பார் கொதித்தெழுந்தனர். கட்டணம் கொடுத்து அவ்விளம்பரம் மறுபடி காட்டப்படவேயில்லை. காட்டவேண்டிய தேவையும் எழவில்லை. செய்தி நிகழ்ச்சிகளே அதனை எடுத்துக்காட்டி ஊரறியச் செய்துவிட்டன. ஜோன்சன் 44 மாநிலங்களை வென்றார்.

சமாதானத்தின் காவலராய்த் தோன்றிய அதே ஜோன்சனின் ஆட்சியில், 1965 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அமெரிக்கப் போர்ப்படை வியட்நாமில் இறங்கியது. 1968 ஆம் ஆண்டில் அங்கிருந்த அமெரிக்கப் படையினர் ஐந்து இலட்சத்துக்கும் அதிகம். பூவைக் கிள்ளிய சிறுமியைக் கண்டு கலங்கி வாக்களித்த பெற்றோர் பலர், தம் பிள்ளைகளை அந்தப் போர்க்களத்துக்கு வழியனுப்ப நேர்ந்தது.

வரிசையில் நின்றவர்கள்

பிரித்தானியாவில் 1978 ஆம் ஆண்டு கொன்சர்வேட்டிவ் கட்சிக்காகச் சாச்சி அன் சாச்சி நிறுவனம் ஒரு சுவரொட்டி தயாரித்தது. வேலையற்றோர் அலுவலகத்துக்கு வெளியே நீண்டு வளைந்து செல்லும் மனித வரிசை; மேலே, தொழிற்கட்சி வேலை செய்யவில்லை என்று இருபொருள்பட அமைந்த வாசகம். அதனை முதலில் பார்த்த கட்சித் தலைவி மார்கரெட் தட்சர், நம்முடைய சுவரொட்டியில் எதிர்க்கட்சியின் பெயர் எதற்காக இவ்வளவு பெரிதாய் இருக்கின்றது என்று கேட்டாராம்.

வரிசையில் நின்றவர்கள் வேலையற்றோர் அல்லர். அக்கட்சியின் இளைஞர் கிளையைச் சேர்ந்த தொண்டர்கள். அவர்களும் எதிர்பார்த்த அளவுக்கு வந்து சேரவில்லை. ஆகையால் வந்தவர்களையே திரும்பத் திரும்பப் படம்பிடித்து வரிசையை நீளச் செய்தனர். 1979 ஆம் ஆண்டு மே மாதம் தட்சர் பிரதமரானார். 1982 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வேலையற்றோர் தொகை சுவரொட்டி வந்த காலத்தினும் இருமடங்காகி 30 இலட்சத்தைத் தாண்டியது. அப்பொழுது வரிசையில் நின்றவர்கள் தொண்டர்கள் அல்லர்.

சுவைக்காத பீட்சா

முதலாவது வினாவுக்குரியவர் சோவியத் ஒன்றியத்தின் இறுதித் தலைவர் மிகையில் கொர்பச்சேவ். 1991 ஆம் ஆண்டு டிசெம்பரில் அவர் பதவி துறந்தார். 1997 ஆம் ஆண்டில், தமது ஆய்வு நிறுவனத்துக்குப் பணம் தேவைப்பட்டபோது, ‘பீட்சா ஹட்’ விளம்பரத்தில் தோன்ற இசைந்தார்.

மொஸ்கோவின் செஞ்சதுக்கத்தருகே உள்ள கடைக்கு அவர் பேத்தியுடன் வருகின்றார். பக்கத்து மேசையிலே ஒரு குடும்பத்தார் அவரைக் கண்டுகொள்கின்றனர். இவரால் பொருளாதாரம் குழம்பியது என்கின்றார் தந்தை. இவரால் வாய்ப்புக்கள் பிறந்தன என்கின்றார் மகன். இவரால்தானே பீட்சா ஹட் போன்றவை வந்தன என்று மூதாட்டி சொல்ல, சச்சரவு ஓய்கின்றது. யாவரும் எழுந்து அவரை வாழ்த்துகின்றனர்.

கொர்பச்சேவ் படத்தில் ஒரு சொல்லும் பேசவில்லை. பீட்சாவை உண்ணவும் மறுத்துவிட்டார், பேத்திதான் உண்டாள். விளம்பரத்துக்கு முகத்தைக் கொடுத்தவர், அதற்குமேல் கொடுக்க விரும்பவில்லை போலும். அந்தப் படம் பிறநாடுகளிற் காட்டப்பட்டதேயன்றி ருசியாவிற் காட்டப்படவில்லை. காரணத்தை ஊகித்தறியலாம். படத்திலே மக்கள் எழுந்து நின்று வாழ்த்தினர். 1996 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் அவருக்குக் கிடைத்ததோ நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான வாக்கு.

பென்சிலும் பேனாவும்

இதுவரை கூறியோர் யாவரும் தாம் அறியவே விளம்பரத்தில் இடம்பெற்றவர்கள். மூன்றாவது வினாவுக்கு விடையான காந்தியடிகளின் நிலை அதுவன்று. 2009 ஆம் ஆண்டில் ‘மொண்ட் பிளாங்’ நிறுவனம் அவர் பெயரிலே பொன்முனைப் பேனாவொன்றை வெளியிட்டது. 1930 ஆம் ஆண்டு தண்டி யாத்திரையில் அவர் நடந்த 241 மைலைக் குறிக்கும்படி 241 பேனாக்களே செய்யப்பட்டன. கோலூன்றி நடக்கும் அடிகளின் உருவம் பேனா முனையிற் பொறிக்கப்பட்டிருந்தது. ஒன்றின் விலை 11 இலட்சம் ரூபாவுக்கு மேல். பெயர்களையும் சின்னங்களையும் முறைகேடாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டமொன்று இந்தியாவில் 1950 ஆம் ஆண்டு தொட்டே உண்டு. கேரள உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2010 ஆம் ஆண்டில் நிறுவனம் மன்னிப்புக் கோரி விற்பனையை நிறுத்தியது.

காந்தியடிகளுக்கு எழுதுகோல் எத்தகையது என்பதற்குக் காகா காலேல்கர் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துவைத்துள்ளார். அடிகள் ஒருநாள் எதையோ பரபரப்புடன் தேடிக்கொண்டிருந்தார். தேடிய பொருள் தேய்ந்து கட்டையாகிப்போன ஒரு சின்னஞ்சிறு பென்சில். தம்முடைய பென்சிலைத் தருவதாகக் காலேல்கர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. சென்னை ஜி. ஏ. நடேசனின் சிறு மகன் அன்போடு கொடுத்த பென்சில் அது. அதனைத் தொலைக்கத் தம்மால் இயலாது என்றார். கிடைத்த பிறகே அமைதி கொண்டார்.

குழந்தையின் அன்புக்காக ஒரு பென்சில் துண்டைத் தேடியலைந்தவரின் உருவத்தை, எளியவர் எவரும் வாங்கவியலாத பேனாவிலே பொறித்தனர். யாத்திரையின் மைற்கணக்கு அதில் இருந்தது; யாத்திரை யாருக்காக நடந்ததோ, அந்த ஏழைகளுக்கு அதில் இடமிருக்கவில்லை.

அன்பார்ந்த மாணவர்களே, விளம்பரத்தை வெறுக்கவேண்டும் என்பதற்காக இவற்றைச் சொன்னேனல்லேன். நல்ல விளம்பரம் ஒரு கலைதான். சிறுமியும் பூவும், சுட்டிய விரலும் இன்றும் நெஞ்சில் நிற்பது அதனாற்றான். ஆனால் தேர்தற் காலத்தில் மதிலெங்கும் முகங்கள் சிரிக்கும்போதும், வீட்டுத் திரையிலே பெரியமனிதர் ஒருவர் ஒரு பொருளைப் புகழும்போதும், மூன்று கேள்விகளை உங்களுக்குள்ளே கேட்டுக்கொள்ளுங்கள். இதைச் சொல்பவர் யார்? இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? இதிற் சொல்லாமல் விட்டது என்ன? பெற்றோர் தம் பிள்ளைகளோடு இரவுச் சாப்பாட்டு வேளையில் இவற்றைப் பேசிப் பார்க்கலாம். பதினெட்டு வயதில் வாக்குச்சீட்டைக் கையில் எடுக்கப்போகும் பிள்ளைக்கு, மனனஞ் செய்த பதவியாண்டுகளைக் காட்டிலும் இந்தப் பழக்கம் உதவும்.

அடுத்த வாரம் வரை சிந்திக்க ஒரு வினா: 1860 ஆம் ஆண்டுத் தேர்தற் காலத்தில், தாடி வளர்த்தால் உங்கள் மெலிந்த முகத்துக்கு எடுப்பாயிருக்கும், வாக்கும் கூடும் என்று 11 வயதுச் சிறுமியொருத்தி வேட்பாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதினாள். அவரும் தாடி வளர்த்தார். அந்தத் தாடியுடனேயே வரலாற்றில் நிலைத்துவிட்டார். அவர் யார்?