பழைய பொம்மைக்குப் புது வண்ணம்

புரட்டாசி பிறந்துவிட்டால் பரண்மீதிருந்து பெட்டிகள் இறங்குகின்றன. பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்த கொலுப் பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. ஒன்றுக்கு மூக்கு நுனி உதிர்ந்திருக்கும். மற்றொன்றுக்குப் பீதாம்பரம் வெளுத்திருக்கும். மகாளய அமாவாசைக்குள் இவற்றையெல்லாம் சரிசெய்து படியில் ஏற்றிவிட வேண்டுமே என்ற கவலை இல்லங்களில் எழுவது இயல்பே.

ஸ்ரீரங்கத்தில் ஒரு குடும்பம். அவ்வீட்டுப் பாட்டிக்கு எழுபத்தைந்து வயது கடந்துவிட்டது. அவருடைய தாயார் திருமணத்தின்போது சீராகக் கொண்டுவந்த மண் பொம்மைகள் இன்றும் அவ்வீட்டுக் கொலுவில் இடம்பெறுகின்றன. அவற்றுள் முதன்மையானது இராமர் பட்டாபிஷேகம். சில ஆண்டுகளுக்கு முன் அந்த இராமரின் நிறம் மங்கிவிட்டதைக் கண்ட உறவினர் ஒருவர், நல்லெண்ணத்துடன் கடையிலிருந்து எனாமல் பெயிண்ட் வாங்கி வந்து ஒரே மாலையில் பூசி முடித்தார். பொம்மை கண்ணாடிபோல் மின்னியது. எல்லோரும் பாராட்டினர். பாட்டி மட்டும் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது எங்கள் அம்மா வைத்த ராமர் இல்லை" என்றார்.

இமையின் மெல்லிய கோடும், இதழோரத்தில் இருந்த சிறு புன்னகையும் கெட்டியான பெயிண்டுக்கு அடியில் மறைந்துபோயின. அதைச் சுரண்டி எடுக்க முயன்றால் அடியிலுள்ள பழைய வண்ணமும் சேர்ந்தே போய்விடும். புதுப் பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது வேறு. பழைய பொம்மையைச் செப்பனிடுவது வேறு. முன்னதில் கைத்திறன் வேண்டும். பின்னதில் அதைவிட அடக்கம் வேண்டும். வண்ணத்தையும் தூரிகையையும் தேர்ந்தெடுப்பதிலேயே அந்த அடக்கம் தொடங்கிவிடுகிறது.

முதலில், பொம்மை எதனால் ஆனது என்று அறிந்துகொள்ள வேண்டும். காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி ஆகிய ஊர்களிலிருந்து வரும் பொம்மைகளில் மண்ணால் ஆனவையும் உண்டு, காகிதக் கூழால் ஆனவையும் உண்டு. சுட்ட மண் கனமாக இருக்கும். விரலால் தட்டினால் கணீரென ஒலிக்கும். காகிதக் கூழ் கைக்கு இலேசாக இருக்கும். தட்டினால் மந்தமான ஓசைதான் வரும். உடைந்த இடம் வெள்ளை வெளேரென்று மாவாக உதிர்ந்தால் அது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மரப்பாச்சிக்கு வண்ணமே கூடாது. செம்மரத்தின் நிறமே அதற்கு அழகு. கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மைகளில் உள்ள நிறம், கடைசல் இயந்திரத்தில் சுழலும்போதே அரக்கை அழுத்தி ஏற்றப்படுவது. அதன்மேல் வேறு வண்ணம் சரியாக ஒட்டாது. உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே அது பொலிவு பெற்றுவிடும்.

அடுத்தது, பொம்மையின் மேலுள்ள பழைய வண்ணம். முற்காலத்துப் பொம்மைகளில் வெள்ளைச் சுண்ணப் பொடியையும் பசையையும் குழைத்து முதற்பூச்சு இட்டு, அதன்மேல் பசை கலந்த வண்ணங்களைத் தீட்டினார்கள். இவ்வகை வண்ணம் தண்ணீர் பட்டால் கரையும். தூசி போகட்டும் என்று ஈரத்துணியால் துடைத்து முகத்தையே இழந்த பொம்மைகள் பல. சிறிது பஞ்சை நனைத்துப் பிழிந்து, பீடத்தின் அடிப்புறத்தில் ஒரு மூலையில் ஒற்றிப் பார்க்க வேண்டும். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தப் பொம்மைக்கு ஈரம் ஆகாது. மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

கடைகளில் கிடைக்கும் வண்ணங்களை இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எனாமல் இரும்புக்கும் மரக்கதவுக்கும் ஏற்றது. அதைக் கரைக்க டர்பன்டைன் வேண்டும்; காய்ந்து இறுகப் பல மணி நேரம் ஆகும்; வெள்ளை நிறம் நாளடைவில் மஞ்சளிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தடித்த படலமாகப் படிந்து நகை வேலைப்பாட்டின் நுண்ணிய பள்ளங்களை அடைத்துவிடும். நான்கு அங்குலப் பொம்மைக்கு அது சற்றும் பொருந்தாது.

போஸ்டர் கலர் பளபளப்பின்றிப் பழைய பொம்மையின் தோற்றத்தோடு இசைந்து போகும். காய்ந்த பின்னரும் தண்ணீரில் கரையும் என்பது அதன் குறை. அதுவே அதன் நிறையும்கூட. தீட்டியது பிடிக்கவில்லையெனில், உறுதியான அடிப்பரப்பாக இருந்தால், ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடலாம். ஆனால் கை வியர்வை பட்டாலும் அது கலங்கும். வேலை முழுவதும் முடிந்தபின் பளபளப்பற்ற வார்னிஷை ஓரடி தொலைவிலிருந்து மெல்லிய புகைபோலத் தெளிப்பது வழக்கம். தூரிகையால் வார்னிஷ் பூசினால் வண்ணம் இழுபட்டுவிடும்.

அக்ரிலிக் வண்ணம் தண்ணீரில் கலக்கும். அரைமணி நேரத்திற்குள் காய்ந்துவிடும். காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது. புதுப் பொம்மைகளுக்கும், வண்ணம் முற்றிலும் உதிர்ந்து மண்ணே தெரியும் இடங்களுக்கும் அதுவே சிறந்தது. பாலைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரைத்து, மெல்லியதாக இருமுறை பூச வேண்டும். ஒரே முறையில் தடிமனாகப் பூசினால் தூரிகைத் தடம் தெரியும். அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு சாயல் கறுக்கும். ஆகவே ஒரு மண்சட்டி ஓட்டில் பூசி, உலரவிட்டு, பழைய நிறத்தோடு ஒப்பிட்ட பிறகே பொம்மையைத் தொட வேண்டும். புதிய நீலம் பழைய நீலத்தைவிடக் கண்ணைப் பறித்தால், அதைத் தணிக்கக் கறுப்பைச் சேர்க்கக் கூடாது. ஊசிமுனை அளவு பழுப்பு போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நம் நாட்டில் வழிவழியாகப் பயன்பட்ட வண்ணங்களில் செந்தூரத்தில் ஈயமும், சாதிலிங்கத்தில் பாதரசமும், அரிதாரத்தில் ஆர்செனிக் நஞ்சும் உண்டு. பிற்காலத்து எண்ணெய் வண்ணங்களிலும் ஈயம் தாராளமாகக் கலந்திருந்தது. வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பாட்டி காலத்துப் பொம்மையை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது தகாது. அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும். தூரிகை நுனியை நாவில் வைத்துக் கூராக்கும் பழக்கம் பெரியவர்கள் பலருக்கு உண்டு. அதை இன்றே விட்டுவிட வேண்டும். உதிர்ந்த துகள்களை ஈரத்தாளால் ஒற்றி எடுத்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துவது முறை.

தூரிகைக்கு வருவோம். கண்ணும் பொட்டும் எழுத மூன்று சுழி இட்ட மிகமிகச் சிறிய தூரிகைதான் வேண்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அதில் ஏறும் வண்ணம் மிகக் குறைவு. பொம்மையை அடையுமுன்பே நுனியில் காய்ந்துவிடும். கோடு விட்டு விட்டு விழும். கூர்மையான நுனியுள்ள வட்டத் தூரிகையில் 1 அல்லது 0 எண் வாங்கினால், வயிற்றில் வண்ணத்தைத் தாங்கி நுனியால் மயிரிழைக் கோடும் இழுக்கும். ஆடைக்கு 2, பெரிய பரப்புக்கு 4. இந்த மூன்று தூரிகைகள் ஒரு வீட்டுக் கொலுவுக்குப் போதும். கடையில் வாங்கும்போது தண்ணீரில் நனைத்து ஒரு முறை உதறிப் பார்க்க வேண்டும். நுனி தானாக ஒன்று கூடினால் அது நல்ல தூரிகை. இரண்டாகப் பிளந்தால் திருப்பித் தந்துவிடலாம்.

முடி எதனுடையது என்பதையும் கேட்டறிவது நலம். கீரியின் முடியால் செய்த தூரிகைகள் ஒரு காலத்தில் ஓவியர்களிடையே பெரிதும் புழங்கின. வளர்த்து, கத்தரித்து எடுக்கும் முடி அல்ல அது. கீரியைக் கொன்றுதான் எடுக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கீரி காக்கப்படும் உயிர். அதன் முடித் தூரிகையை விற்பதும் வாங்குவதும் குற்றம். 2019இல் நாட்டின் பல மாநிலங்களில் சோதனை நடத்தி, ஆயிரக்கணக்கான தூரிகைகளைப் பறிமுதல் செய்தார்கள். தருமபுத்திரரின் அசுவமேத வேள்விச் சாலைக்குள் பாதி உடல் பொன்னாக வந்து, ஏழை அந்தணர் அளித்த மாவின் பெருமையை எடுத்துரைத்த கீரியை மகாபாரதம் படித்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அணில் முடித் தூரிகையும் கடைகளில் உண்டு. சேதுவுக்கு மண் சுமந்த அணிலை நினைக்கும் அன்பர்களுக்கு அதைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியதில்லை. இப்போது நைலான் போன்ற செயற்கை இழைத் தூரிகைகள் குறைந்த விலையில் தரமாகவே கிடைக்கின்றன. அக்ரிலிக் வண்ணத்துக்கு அவைதாம் ஏற்றவையும்கூட. ஒரு ஜீவனை வருத்திய தூரிகையால் அம்பாளுக்குப் பொட்டிட வேண்டிய தேவை இன்று எவருக்கும் இல்லை.

தூரிகையைப் பேணுவதும் எளிதே. முடியைப் பிடித்திருக்கும் தகரப் பூண்வரை வண்ணம் ஏறவிடக் கூடாது. தண்ணீர்க் குவளையில் தலைகீழாக ஊறவிட்டால் நுனி வளைந்துவிடும். சோப்பு நீரில் அலசி, விரலால் நுனியைக் கூராக்கிப் படுக்க வைத்து உலர்த்தினால் அடுத்த நவராத்திரிக்கும் உதவும்.

முதுமையில் கை நடுங்குமே என்று தயங்குவோர் உண்டு. நின்றுகொண்டோ, கையை அந்தரத்தில் வைத்தோ தீட்டினால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். இரு முழங்கைகளையும் மேசைமீது ஊன்றி, இரு சுண்டுவிரல்களையும் ஒன்றோடொன்று தொடவைத்துக்கொண்டால் நடுக்கம் பெருமளவு அடங்கும். காலை நேரத்து ஜன்னல் வெளிச்சமே சிறந்தது. கண்கள் இரண்டும் ஒரே திசையில் நோக்குகின்றனவா என்ற ஐயம் வந்தால், பொம்மையைக் கண்ணாடியில் காட்டிப் பார்க்கலாம். நேரில் தெரியாத கோணல் அதில் தெரிந்துவிடும்.

கோயில் திருமேனிகளுக்கு எல்லா வேலையும் நிறைவுற்ற பின்னரே கண் திறப்பார்கள். நயனோன்மீலனம் என்று ஆகமங்கள் அதனைக் கூறும். பொம்மைக் கலைஞர்களும் கண்ணைக் கடைசியில்தான் எழுதுகிறார்கள். பழைய பொம்மையில் கண் அழியாமல் இருக்குமானால் அதைத் தொடாமலிருப்பதே மேல். மூன்று தலைமுறையினர் அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் கைகூப்பியிருக்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்துப் பாட்டி வீட்டில் சென்ற ஆண்டு குழலூதும் கண்ணனின் முறை வந்தது. முகவாயில் காசளவு வண்ணம் உதிர்ந்திருந்தது, மயிற்பீலியும் வெளிறியிருந்தது. கல்லூரியில் படிக்கும் பேத்தி தூரிகையும் கையுமாக வந்து அமர்ந்தாள்.

"பாட்டி, முகம் முழுக்கப் பூசிவிட்டால் ஒரே நிறமாக இருக்குமே?"

"வேண்டாம் கண்ணு. எது போச்சோ, அதை மட்டும் போடு. இருக்கிறதை அப்படியே விட்டுடு."

பேத்தி நான்கைந்து முறை ஓட்டில் நீலத்தைக் கலந்து பார்த்தாள். பீடத்தில் ஒற்றிய பஞ்சில் நிறம் ஏறியதால், தூரிகையில் ஈரம் ஏறக்குறைய இல்லாதபடி துணியில் ஒற்றியெடுத்து, உதிர்ந்த இடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக வைத்தாள். அந்தச் சிறு இடத்துக்கு ஒரு முற்பகல் முழுவதும் ஆயிற்று. உற்றுப் பார்த்தால் புதிய நீலம் எது, பழைய நீலம் எது என்று இப்போதும் தெரியும். கண்களை அவள் தொடவில்லை.

கண்ணன் படியேறினார். எனாமல் பூசிய இராமரை என்ன செய்வது என்று பேத்தி கேட்டாள். பின்வரிசையில் மறைவாக வைத்துவிடலாமா என்றும் கேட்டாள். பாட்டி தலையசைத்து மறுத்தார். "பூசினவன் பக்தியோடதானே பூசினான்? எப்பவும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்" என்றார். பட்டாபிஷேகம் வழக்கம்போல் மேற்படியில் அமர்ந்தது. அன்று மாலை விளக்கேற்றியதும், பாட்டி இரண்டு பொம்மைகளுக்கும் சேர்த்தே கைகூப்பினார்.