கடலைச் சேராத வண்டல்



வேளாங்கண்ணிக்குச் சென்று திரும்பிய ஒரு குடும்பத்தினர், ஃபேர்லேண்ட்ஸில் உள்ள எமது இல்லத்திற்கு அண்மையில் வந்திருந்தனர். ஆறாம் வகுப்பில் பயிலும் அவர்களுடைய மகன், உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஒரு கேள்வியைத் தொடுத்தான். "மாமா, கன்னியாகுமரியில் கடல் நீலமாக இருந்தது. வேளாங்கண்ணியில் மட்டும் ஏன் சேற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கிறது?" தந்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "மாதா கோயிலுக்குப் போய் வந்தவன் கேட்கிற கேள்வியா இது?" என்று அதட்டினார். எமக்கோ அது மிக நல்ல கேள்வியாகத் தோன்றியது. அவனுக்கு அன்று கூறியவற்றையும், நேரமின்மையால் கூறாமல் விட்டவற்றையும் இத்திங்கள் எழுதுகின்றோம்.

வேளாங்கண்ணிக் கடல் காவிரிப் படுகையின் கடலாகும். வெண்ணாற்றிலிருந்து பிரிந்துவரும் வெள்ளையாறு அவ்வூருக்கு அருகிலேயே கடலில் கலக்கின்றது. காவிரியும் அதன் கிளைகளும் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுமந்து வந்து கொட்டிய மண்ணே தஞ்சைத் தரணியாயிற்று. எஞ்சியது கடலடியில் படிந்தது. ஆழம் குறைந்த அக்கடலில் அலை புரளும்போதெல்லாம் அடியிலுள்ள மண் கிளம்பி நீரைக் கலக்குகின்றது. ஆகவே, கலங்கிய அந்நீரை அழுக்கு என்று எண்ணிவிடலாகாது.

அம்மண்ணில் நமக்கும் பங்குண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு, சேலம் நகரின் ஊடே பாய்ந்து, நாமக்கல் மாவட்டத்தில் நஞ்சை இடையாறு என்னும் ஊரருகே காவிரியைச் சேருகின்றது. ஏற்காட்டுச் சரிவில் ஐப்பசி மழை கரைத்த செம்மண், பல தடைகளைக் கடந்து, என்றோ ஒரு நாள் கடலை எட்டக்கூடும். (இன்று அவ்வாறு நமது நகரின் சாக்கடையையும் சேர்த்தே சுமக்கின்றது என்பது வேறு கதை. அதை எழுதத் தொடங்கினால் இப்பக்கம் போதாது.)

ஆறு கடலைத் தொடும் இடத்தில் ஓர் அற்புதம் நிகழ்கின்றது. பருமணல் முதலில் படிந்துவிடும். ஆனால் களிமண் துகளோ ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கினும் சிறியது. நன்னீரில் அது நாட்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். ஒன்றையொன்று விலக்கும் மின்னேற்றத்தால் துகள்கள் தனித்தனியே நிற்கின்றன. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் அவ்விலக்கம் தளர்ந்துவிடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, கனத்து, அடியில் இறங்கும். நம் பாட்டிமார் கலங்கல் நீரைத் தெளியவைக்கக் குடத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்தனர். நாம் படிகாரம் போடுகின்றோம். அவ்வேலையை ஆற்றின் முகத்துவாரத்தில் கடலே செய்துகொள்ளுகின்றது. வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் நீர் ஊற்றி, இரண்டிலும் ஒரே அளவு களிமண்ணைக் கரைத்து, ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி உப்பைக் குவித்துப் போட்டுக் கலக்கி வையுங்கள். எது முதலில் தெளிகிறது என்பதைப் பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும்.

இவ்வாறு படிந்த சேறு வெறும் குப்பைமேடு அன்று. அதன் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் ஆழத்திற்கே உயிர்வளி எட்டும். அதற்குக் கீழே கருஞ்சேறு. கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அந்நாற்றத்திற்குக் காரணமான நுண்ணுயிர்கள்தாம், மடிந்து விழும் மீனையும் பாசியையும் சிதைத்து, அவற்றிலிருந்த சத்துகளை மீண்டும் நீருக்குத் திருப்பித் தருகின்றன. வயலில் மண்புழு செய்யும் தொண்டைக் கடலடியில் புழுக்களும் கடலட்டைகளும் செய்கின்றன. கடலட்டை மண்ணை விழுங்கி, அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு, தூய மண்ணாக வெளியேற்றுகின்றது. இறாலும் நண்டும் மட்டியும் திருக்கையும் நாக்கு மீனும் இச்சேற்றையும் மணலையும் நம்பி வாழ்வன. வெள்ளிக்கிழமை நம் வீட்டுக் குழம்பில் கொதிக்கும் மீனுக்கும் கடலடி மண்ணுக்கும் உள்ள உறவு மிக நெருங்கியது!

வேதாரணியத்திற்கு அப்பால், பாக் விரிகுடாவின் ஆழமற்ற அடித்தரையில் கடற்புற்கள் தழைத்திருக்கின்றன. அவற்றின் வேர்கள் சேற்றைப் பிணித்து வைக்கின்றன. இலைகள் நீரோட்டத்தைத் தணித்து, மிதக்கும் துகளை இறங்கச் செய்கின்றன. ஆவுளியா என மீனவர் அழைக்கும் கடற்பசு மேய்வது இப்புல்லைத்தான். தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆயினும், மண் அளவு மீறினால் அதுவே நஞ்சாகும். கலங்கல் மிகுந்தால் கதிரவன் ஒளி அடியை எட்டாது, புல் வாடும், பவளப் பூச்சிகள் மூச்சடைத்து மடியும். மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிப் பார்கள் மணல் மூடி அழிந்ததுண்டு என்பதைத் தூத்துக்குடியார் நன்கறிவர்.

அடித்தரையை உழுவது போல் இழுத்துச் செல்லும் விசைப்படகு மடிகள் இந்த ஒழுங்கைக் குலைக்கின்றன. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையுள்ள பகுதியை நாட்டுப்படகினருக்கென ஒதுக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் 1983-ஆம் ஆண்டினது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடையும் உண்டு. சட்டம் ஏட்டில் இருப்பதற்கும் கடலில் இருப்பதற்கும் உள்ள தூரத்தைக் கரையோரக் குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

இனி நமது மாவட்டத்திற்கு வருவோம். மேட்டூர் அணை 1934 ஆகஸ்டு 21 அன்று திறக்கப்பெற்றது. 93 டி.எம்.சி.க்கும் மேற்பட்ட நீரைத் தேக்கும் அவ்வணை, நீரை மட்டுமா தேக்கியது? ஆடிப்பெருக்கில் செந்நிறமாய்ப் பொங்கி வந்த புதுப்புனலின் மண்ணையும் சேர்த்தே தேக்கிற்று. ஓடும் நீர் நின்றதும் வண்டல் அடியில் தங்கிவிடுகின்றது. மதகு வழியே தெளிந்த நீர் செல்லுகின்றது. டெல்டா உழவருக்கு நீர் உறுதியாயிற்று; ஆனால் ஆண்டுதோறும் கூலியின்றி வந்த உரம் குறைந்துபோயிற்று. கடலுக்கும் அவ்வாறே. அணைக்குக் கீழே நாமக்கல், கரூர்க் கரைகளில் லாரி லாரியாக அள்ளப்பட்ட மணலும், கடலுக்குச் சேரவேண்டிய பங்குதான். ஃபேர்லேண்ட்ஸில் எழும்பிய மாடி வீடுகளில் எத்தனை காவிரி மணலால் கட்டப்பட்டவை என்று எண்ணிப் பார்க்க எமக்கே சற்றுக் கூச்சமாக உள்ளது. எமது வீடும் அவற்றுள் ஒன்று.

மண் வரத்துக் குறைந்த கடல் என்ன செய்யும்? அலை அடிப்பதை நிறுத்தாது. கரையில் இருப்பதை எடுத்துச் செல்லும். எகிப்து நாட்டில் 1970-இல் முற்றுப்பெற்ற அஸ்வான் உயரணை நைல் நதியின் வண்டலைத் தடுத்தபின், அதன் முகத்துவாரக் கரைகள் கடுமையாக அரிக்கப்பட்டன. 1962-இல் 18,000 டன் அளவில் கிடைத்த சாளை மீன், ஒரு சில ஆண்டுகளில் 1,000 டன்னுக்கும் கீழே இறங்கியது.

நமது கரையிலும் அரிப்பு உண்டு. எனினும், குற்றம் முழுவதையும் மேட்டூர்மீது சுமத்துவது நேர்மையாகாது. தரங்கம்பாடியில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் அரிக்கத் தொடங்கியது அணை எழுவதற்கு முன்னரே. புதுச்சேரி நகரின் மணற்கரை மறைந்ததற்கு, 1980-களின் இறுதியில் கட்டி முடித்த துறைமுக அலைதடுப்புச் சுவர்களே பெருங்காரணம். தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணலை அவை மறித்துவிட்டன. சென்னைத் துறைமுகமும் அவ்வாறே மறித்தது. அதனால் தெற்கே மெரினா விரிந்தது, வடக்கே இராயபுரம் தேய்ந்தது. மணல் ஓரிடத்தில் சேர்ந்தால் மற்றோரிடத்தில் குறையும். இந்தக் கணக்கைக் கடல் ஒருபோதும் மறப்பதில்லை.

மேட்டூர் அணையை வேண்டாமென்று கூற எமக்கு வாய் வராது. சேலத்தில் குழாயைத் திறந்து குடிப்பவர் எவரும் அங்ஙனம் கூறார். ஆனால் அணைக்குள் உறங்கும் வண்டலைப் பற்றிச் சிந்திக்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டோம் என்பது உண்மை. அணை திறந்து 83 ஆண்டுகள் கழிந்தபின், 2017-இல்தான் அதைத் தூர்வாரி, உழவர் தம் வயல்களுக்கு வண்டலை எடுத்துச் செல்ல இசைவளிக்கப்பட்டது. வயலுக்கு அது நன்மையே. கடலுக்குரிய பங்கை எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்பதற்கு இன்னும் விடையில்லை. வெள்ளக் காலத்தில் அடிமதகுகளைத் திறந்து வண்டலை வெளியேற்றும் முறை வேறு சில நாடுகளில் உண்டு. ஆனால் அதற்குரிய அமைப்பு அணை கட்டும்போதே வேண்டும். நீரையும் வீணாக்க நேரிடும். ஒவ்வொரு டி.எம்.சி.க்கும் இரண்டு மாநிலங்கள் வழக்காடும் ஆற்றில் இது எளிதன்று.

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் நீர்மட்டம் மிகவும் தாழும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பரிசல் துறையருகே ஜலகண்டேஸ்வரர் ஆலயத்து நந்தியும், நமது பழைய தேவாலயமொன்றின் இரட்டைக் கோபுரங்களும் நீருக்கு மேலே தலைகாட்டும். அணைக்காக ஊரைவிட்டுப் பெயர்ந்தவர்கள் விட்டுச் சென்றவை அவை. அவற்றைச் சூழ்ந்து கிடக்கும் சேறு, பூம்புகாருக்கும் வேளாங்கண்ணிக்கும் புறப்பட்டு வந்து, வழியில் நின்றுபோன மண். அடுத்த முறை நீர் இறங்கும்போது அங்கே அழைத்துச் செல்வதாக அச்சிறுவனுக்கு வாக்களித்திருக்கின்றோம். பரிசல் கூலியை அவன் தந்தையே கொடுப்பதாக ஏற்பாடு.