எந்த கிரவுண்டில அடிச்ச ரன்?

2025 நவம்பர் மாசம் சஞ்சு சாம்சன் ராஜஸ்தானை விட்டு சென்னைக்கு வந்தார். ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் சென்னையை விட்டு ராஜஸ்தானுக்குப் போனாங்க. அந்த ட்ரேட் செய்தி வந்த அன்னிக்கு எங்க வாட்ஸ்அப் குரூப்பில யாரும் படிக்கல. ஒரு கூட்டம் சஞ்சுவோட சராசரி, ஸ்ட்ரைக் ரேட் எல்லாத்தையும் போட்டு, "இது சென்னைக்கு லாபம்"னு சொன்னது. இன்னொரு கூட்டம் ஒரே வரியில பதில் சொன்னது: "மச்சான், சேப்பாக்கத்தில வந்து அடிக்கட்டும், பார்ப்போம்."

அந்த ஒரு வரியைத்தான் நாங்க இங்க பேச வாறோம். ஒரு வீரர் அணி மாறும்போது உடம்பும் மட்டையும் கூடவே போகுது. ஆனா கிரவுண்ட் கூடப் போகாது. எங்க அடிச்சதுன்னு தெரியாத ஓட்டக் கணக்கு பாதிக் கணக்குத்தான்.

நம்ம நாட்டிலயே பெரிய உதாரணம் இருக்கு. மஹேல ஜயவர்தன டெஸ்டில மொத்தம் 11,814 ஓட்டங்கள் அடிச்சார். அதில 2,921 ஓட்டங்களும், 34 சதங்களில 11 சதங்களும் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில வந்தது. 2006இல தென்னாபிரிக்காவுக்கு எதிரா 374 அடிச்சதும், சங்கக்காரவோட 624 ஓட்ட இணைப்பாட்டம் வந்ததும் அங்கதான். எஸ்.எஸ்.சி.யில அவரோட சராசரி 75க்குக் கிட்ட. மற்ற எல்லா மைதானமும் சேர்த்து 45 அளவில. இதைச் சொன்னா மஹேலவைக் குறைச்சுப் பேசுறதா சில பேர் கோவிப்பாங்க. அப்படி இல்ல. அதே கிரவுண்டில எத்தனையோ பேர் ஆடினாங்க, எல்லாரும் 374 அடிக்கல. ஆனா 49.84ங்கிற ஒரே எண்ணுக்குள்ள ரெண்டு வேற வேற கதை ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுக்கிறது நல்லது.

இதை அமெரிக்காவில பேஸ்போல் ஆட்கள் ரொம்ப நாளாவே கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க. ஒரு அணியோட ஆட்டங்களில, சொந்த மைதானத்தில ரெண்டு பக்கமும் சேர்ந்து எடுத்த ஓட்டத்தையும், வெளியூரில ரெண்டு பக்கமும் சேர்ந்து எடுத்த ஓட்டத்தையும் ஒப்பிடுவாங்க. அந்த மைதானம் அடிக்கிறவனுக்கு எவ்வளவு கை குடுக்குதுன்னு அதில தெரியும். அதிகமா கை குடுக்கிறது டென்வர் நகரத்து கூர்ஸ் ஃபீல்ட். கடல் மட்டத்தில இருந்து ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரம். அங்க காத்து லேசு. அதனால அடிச்ச பந்து தூரமாப் போகும், எறியிற பந்து வளைய வேண்டிய அளவுக்கு வளையாது. 2002இல இருந்து பந்துகளை ஈரப்பதம் உள்ள அறையில வெச்சு எடுக்கிறாங்க. அப்படியும் அது அடிக்கிறவங்களோட சொர்க்கம்தான். அங்க பல வருஷம் ஆடின லாரி வாக்கரை, "டென்வர் காத்துதான் அடிச்சது"ன்னு சந்தேகப்பட்டு இழுத்தடிச்சாங்க. கடைசி வாய்ப்பான பத்தாவது வருஷம், 2020இலதான் அவரைப் புகழ் மண்டபத்துக்குத் தெரிவு செஞ்சாங்க.

நம்ம நுவரெலியா 1,868 மீட்டர். டென்வரை விட உயரம். ஆனா நம்மளுக்கு அந்த லேசான காத்தால ஒரு லாபமும் இல்ல, ஏன்னா அடிக்கிறதுக்கு முதல்ல சமதரை வேணும். 1969இல மவுசாகலை நீர்த்தேக்கம் வந்தப்போ பழைய மஸ்கெலியா நகரமே தண்ணிக்குள்ள போச்சு. மிச்சம் இருக்கிறது மேடும் பள்ளமும். எங்க தோட்டத்து கிரவுண்டில ஒரு பக்கம் மலை ஏறும், மறுபக்கம் தேயிலை இறங்கும். தேயிலைக்குள்ள பந்து போனா தேடவே அரை மணித்தியாலம் ஆகும். அதனால "தேயிலைக்குள்ள தூக்கி அடிச்சா அவுட்"னு சட்டம். அந்தச் சட்டத்தில வளர்ந்தவன் நேரா, தரையோட அடிக்கக் கத்துக்குவான். கல்லில பட்டு எகிறுற பந்தைக் கடைசி நொடியில பார்த்து விளையாடுவான். ஆனா தூக்கி சிக்ஸ் அடிக்கப் பழகியிருக்க மாட்டான்.

அவனை ஒரு நாள் டவுனில கடினப்பந்து டிரையல்ஸுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஆறு பந்து போடுவாங்க. "பவர் இல்ல, அடுத்தவன் வா." முடிஞ்சுது. அவன்கிட்ட என்ன இருக்குன்னு அந்த ஆறு பந்தில தெரியாது. எந்தக் கிரவுண்டில இருந்து வந்தான்னு யாரும் கேக்கவும் மாட்டாங்க.

கிரவுண்டையே சாக்காச் சொல்லிட்டு உட்காரச் சொல்லல. சிவம் துபே பெங்களூரு, ராஜஸ்தான் ரெண்டிலயும் ஆடிட்டு 2022இல சென்னைக்கு வந்தார். மெதுவான பிட்ச், சுழல் பந்து, இங்க எப்படி அடிப்பாருன்னு கேட்டாங்க. 2023இல 418 ஓட்டங்கள், 35 சிக்ஸர். சுழலை அடிக்கிறவருக்குச் சுழல் கிரவுண்டே வசதியாப் போச்சு. ஆக, ஒரே கிரவுண்ட் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. கூட்டிட்டு வந்தவங்க அவருக்கு ஏத்த வேலையைக் குடுத்தாங்க, போதுமான ஆட்டமும் குடுத்தாங்க. நாங்க கேக்கிறதும் அதுதான்.

கெம்பஸ் வந்தவங்களுக்கு இது புது விஷயம் இல்ல. பல கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கை அடிப்படையில, 55 வீதம் மாவட்ட அடிப்படையில, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குன்னு எடுக்கிறாங்க. நுவரெலியா அந்தப் பின்தங்கிய பட்டியலில இருக்கு. அதுவும் மைதானக் கணக்குத்தான். "கோட்டாவில வந்தவன்"னு சிரிக்கிறவங்க, எஸ்.எஸ்.சி. சராசரியை மட்டும் பார்த்துட்டுப் பேசுறவங்க. அந்தக் கணக்கிலயும் குறை இருக்கு. மாவட்டம் முழுக்க ஒரே கிரவுண்டுன்னு அது நினைக்குது. டவுன் பள்ளிக்கூடமும் தோட்டப் பள்ளிக்கூடமும் ஒண்ணு இல்லன்னு நம்மளுக்குத் தெரியும். அதுக்காகக் கணக்கைத் தூக்கி எறியச் சொல்லல, இன்னும் சரியாப் போடச் சொல்றோம்.

டிரையல்ஸ் நடத்துறவங்க ஒரு தடவை மலைக்கு ஏறி வாங்க. பையன் தன்னோட கிரவுண்டில ஆடுறதைப் பாருங்க. அப்புறம் சமதரையில ஆறு பந்து இல்ல, ஆறு இனிங்ஸ் குடுங்க. அதுக்கப்புறமும் அவன் அடிக்கலன்னா, சரி, எண்ணை நம்புறோம்.