மோட்டார் சைக்கிளை விற்ற பையன்

எங்கள் தெருப் பையன் ஒருவன் போன வாரம் ராணுவ ஆள்சேர்ப்புக்குப் போய்விட்டு, கண் பார்வை சரியில்லை என்று திரும்பி வந்தான். இரண்டு வருஷமாக விடியற்காலையில் அரியலூர் மைதானத்தில் ஓடியவன். "அன்ஃபிட் போட்டுட்டாங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றித் திண்ணை மூலையில் போட்டான். அன்று அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

1998-இல் நம் தபால் இலாகா இந்திர லால் ராய் என்பவர் பெயரில் ஒரு தபால் தலை வெளியிட்டது. என் ஆல்பத்தில் இருக்கிறது. ராய் 1898-இல் கல்கத்தாவில் பிறந்தவர். தகப்பனார் பாரிஸ்டர். லண்டனில் பள்ளியில் படிக்கும்போது முதல் உலக யுத்தம் வந்தது. விமானப் படைக்கு விண்ணப்பித்தார். கண் பார்வை குறை என்று தள்ளிவிட்டார்கள். ராய் தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தக் காசில் பெரிய கண் நிபுணர் ஒருவரிடம் காட்டி, பார்வை சரி என்று எழுதி வாங்கி வந்தார். 1917 ஜூலையில் அதிகாரியாக எடுத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் கடைசியில் 56-ஆம் ஸ்குவாட்ரனுக்குப் போனார். ஒரு வாரம்தான். நவம்பர் 6-ஆம் தேதி அவர் ஓட்டிய எஸ்.இ.5 விமானம் தரையில் மோதியது, பலத்த காயம். செத்துவிட்டார் என்று பிணவறையில் போட்டதாகவும், நினைவு வந்து உள்ளேயிருந்து கதவைத் தட்டியதாகவும் ஒரு கதை உண்டு. என் குமாஸ்தா புத்திக்கு அது கையெழுத்தில்லாத பேப்பர். ஃபைலில் சேர்க்க மாட்டேன். காயம் ஆறும் வரை விமானங்களைப் படம் வரைந்துகொண்டிருந்தார். பறக்கத் தகுதியில்லை என்று தரை வேலையில் போட்டார்கள். அவர் விடவில்லை. மேலதிகாரிகளை மன்றாடி, 1918 ஜூனில் தகுதிச் சான்று வாங்கி 40-ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். ஜூலை 6 முதல் 19 வரை, பதின்மூன்று நாளில் பத்து விமானங்கள் அவர் கணக்கில் ஏறின. 22-ஆம் தேதி கார்வின் ஊருக்கு மேலே நடந்த சண்டையில் சுட்டு வீழ்த்தப்பட்டார். வயது பத்தொன்பது. டி.எஃப்.சி. விருது பெற்ற முதல் இந்தியர், ஆனால் விருது வந்தது இறந்த பிறகு. பக்கத்தில் எஸ்தவெல் என்ற சிற்றூரில் கல்லறை. கல்லில் வங்காள எழுத்து இருக்கிறது. (இந்த ஊர்ப் பெயர்களைச் சரியாக உச்சரிப்பதற்காவது நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தது உதவுகிறது. ஆபீசில் ஒரு நாளும் உதவவில்லை.)

"கண்ணு சரியில்லைன்னு அப்பவே விட்டிருந்தா அந்தப் புள்ள பிழைச்சிருக்கும்" என்றாள் என் மனைவி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. புதுச்சேரிக் கடற்கரையில், அந்த யுத்தத்தில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு. அதைக் கடக்கும்போதெல்லாம் இதே கேள்வி எனக்கும் வரும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. பெரம்பலூர் திருச்சி மாவட்டத்தில் இருந்த காலம் அது. அங்கே ஓர் அலுவலகத்தில் நான் உதவியாளர். காவலாளி வேலைக்குத் தேர்வான ஒருவருக்கு மருத்துவச் சான்றில் பார்வைக் குறை என்று வந்தது. மறு பரிசோதனை கேட்டு முறையிட விதியில் இடம் இருந்தது, கெடுவும் இருந்தது. அவர் மேஜைக்கு எதிரே துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "வேற வழி இல்லீங்களா ஐயா?" என்றார். தபால் அனுப்பும் அவசரத்தில், "உத்தரவு வரும், போங்க" என்றேன். உத்தரவையும் நானேதான் வரைவு எழுதினேன். அதில் முறையீடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. கெடு முடிந்து இரண்டு மாதம் கழித்து வந்து கேட்டார். அப்போது விதிப்படி ஒன்றும் செய்ய முடியாது என்று அழகாக விளக்கினேன்.

ராய்க்கு விற்க ஒரு வண்டி இருந்தது, நிபுணர் யார் என்று தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள். துண்டோடு நின்றவருக்கு என்ன இருந்தது? விதி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அது இருப்பது தெரிந்தவனுக்குத்தான் அது விதி. ஆகவே தகுதியில்லை என்று எழுதும் எந்தக் கடிதத்திலும், எங்கே, எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பேன். தமிழில், பெரிய எழுத்தில். ஒரு வரிக்கு மேல் ஆகாது. சிலவற்றில் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது என்பார்கள். கண் பார்வை குறை என்று திருப்பி அனுப்பப்பட்டவனுக்குப் பொடி எழுத்தா?

ராணுவத்திலும் மறு மருத்துவப் பரிசோதனை உண்டு. பையனிடம் கொடுத்த தாளை வாங்கிப் பார்த்தேன். நாள் இன்னும் இருக்கிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவனும் நானும் திருச்சிக்குக் கண் டாக்டரைப் பார்க்கப் போகிறோம். அவன் அம்மா கட்டுச்சோறு கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.