பறவைப் புத்தகக் கைமாற்று: எங்கள் கொள்கைப் பிரகடனம்

ஏரிக்கரையிலும் கண்மாய்க் கரையிலும் பைனாகுலரோடு நிற்கிற நாங்கள், எங்கள் வீட்டு அலமாரிகளில் அடைந்து கிடக்கும் பறவைப் புத்தகங்களை இனி ஒருவருக்கொருவர் இரவல் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். சங்கம், சந்தா, தலைவர், பொருளாளர் எதுவும் கிடையாது. இயக்கத்துக்குப் பெயர் வைக்கும் வேலையையும் தள்ளிப்போட்டிருக்கிறோம். முதலில் புத்தகங்கள் நகரட்டும்.

இரவல் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்டுகிறோம். சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது, தான் சுட்டு வீழ்த்திய குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருப்பதைப் பார்த்து, அது என்ன குருவி என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் குருவியின் இனத்தைச் சொன்னார். பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். சில புத்தகங்களை இரவலாகவும் கொடுத்து அனுப்பினார். ஈஹா என்ற புனைபெயரில் எய்ட்கன் எழுதிய, பம்பாயில் சாதாரணமாகத் தென்படும் பறவைகளைப் பற்றிய நூல் அவற்றில் ஒன்று. அந்தப் பையன் வளர்ந்து 1941-ல் வெளியிட்ட ‘தி புக் ஆஃப் இந்தியன் பேர்ட்ஸ்’ எங்களில் மூத்தவர்கள் பலருக்கு முதல் புத்தகம். இன்று அது எத்தனை வீடுகளில் ராமபாணப் பூச்சிக்குத் தீனியாகிக்கொண்டிருக்கிறதோ!

பொது நூலகங்களுக்குப் போட்டியாக நாங்கள் கிளம்பவில்லை. சீர்காழிக்காரரான ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்ட 1931-ஆம் ஆண்டிலேயே, மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபை பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். 1948-லேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நூலகம் எங்களுக்கும் சொந்தம். ஆனால் வண்ணப் படங்கள் நிறைந்த, விலை கூடிய பறவைக் கையேடு அங்கே பெரும்பாலும் குறிப்புதவிப் பிரிவில்தான் இருக்கும். உட்கார்ந்து படிக்கலாம், வெளியே கொண்டுபோக முடியாது. ஏரியை நூலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வழி இல்லை. மாட்டுவண்டி செய்த வேலையைத்தான் எங்கள் தோள்பைகள் செய்யப்போகின்றன.

கைபேசி இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று இளையவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். செயலிகளை நாங்களும் பயன்படுத்துகிறோம். குரலை வைத்துப் பறவையைச் சொல்கிற வித்தையை வியந்து பார்க்கிறோம். ஆனால் சேற்றோரத்தில் ஓடுகிற ஒரு பழுப்புப் பறவையைப் படமெடுத்துக் காட்டினால் செயலி ஒரு பெயரைச் சொல்லும், கேட்டவருக்கும் அதோடு திருப்தி வந்துவிடும். புத்தகத்தில் அதே பக்கத்தில் உள்ளானும் பொரி உள்ளானும் அருகருகே நிற்கும். உள்ளானுக்கு மார்பின் வெள்ளை, இறக்கைக்கு முன்னால் தோளை நோக்கி மேலேறும். நின்றாலும் நடந்தாலும் பின்பக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். பொரி உள்ளானுக்கு முதுகெல்லாம் பொரி தூவிய மாதிரி புள்ளிகள், கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும் வெள்ளைப் புருவம், மஞ்சள் கலந்த கால். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, எது இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் எது என்று முடிவுக்கு வருகிறோமே, அந்தப் பழக்கம் படப்பக்கத்தைப் புரட்டிப் புரட்டித்தான் வரும். அதை அடுத்தவருக்கும் கிடைக்கச் செய்வதே எங்கள் நோக்கம்.

எனவே அறிவிக்கிறோம்.

புத்தகம் வைத்திருப்பவர் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். கொடுக்க ஒன்றுமில்லாதவருக்கும் இரவல் உண்டு. முன்பணம் கேட்க மாட்டோம். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்குப் புதிதாக வருகிற பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கே முதல் உரிமை. அவர்கள் கையில் முதலில் தமிழ்ப் புத்தகம் போக வேண்டும்: ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய அறிமுகக் கையேடு, க. ரத்னம் தொகுத்த பறவைப் பெயர்கள், மா. கிருஷ்ணனின் கட்டுரைகள். ஆங்கிலத்தில்தான் பறவை பார்க்க முடியும் என்ற எண்ணத்தோடு இனி ஒரு மாணவரும் ஏரியைவிட்டுத் திரும்பக் கூடாது.

கெடு, பறவைகளின் கணக்குப்படி. வலசைப் பறவைகள் இருக்கிற அக்டோபர் முதல் மார்ச் வரை களக் கையேடுகளை ஒருவர் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது; அடுத்தவருக்கும் அதே நாட்களில்தான் தேவை. கனமான நூல்களுக்குக் கோடைதான் காலம். சாலிம் அலியும் ரிப்ளியும் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கையேட்டை யாரும் கரைக்குச் சுமந்து போகப்போவதில்லை. ஒரு தொகுதி தொலைந்தாலும் வரிசை உடைந்துவிடும் என்பதால் அது ஒரு முறைக்கு ஒரு தொகுதியாக மட்டுமே நகரும். 2005-ல் ‘ரிப்ளி கையேடு’ என்ற பெயரில் வந்த வேறொரு நூலின் இரண்டு தொகுதிகளையும் பிரித்துக் கொடுக்கலாம்: படங்கள் உள்ள முதல் தொகுதி கரைக்கு, விளக்கங்கள் உள்ள இரண்டாவது வீட்டுக்கு.

பென்சிலால் எழுதலாம். எழுதுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறோம். எந்த ஏரி, எந்தத் தேதி, எத்தனை பறவை என்று படத்துக்குப் பக்கத்தில் குறித்துவையுங்கள். பழைய பதிப்புகளில் பெயர் மாறியிருந்தால் புதிய பெயரையும் ஓரத்தில் சேருங்கள். கூந்தன்குளத்துக் குறிப்போடு பள்ளிக்கரணைக்குப் போகிற புத்தகம் அங்கிருந்து கோடியக்கரைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் விவரத்தோடு போகும். மையும் ஹைலைட்டரும் வேண்டாம். கூடு இருக்கும் இடத்தை மட்டும் ஒருபோதும் எழுதக் கூடாது. புத்தகம் யார் யார் கைக்கோ போகும். கூட்டுக்கு முன்னால் கேமராக்கள் வரிசை கட்டினால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுவிடும். இந்த ஒரு விதியை மீறினவருக்கு மறுபடி புத்தகம் கிடையாது. எங்களுடைய கடுமை எல்லாம் இதோடு சரி.

சேறு பட்டால், முனை மடங்கினால், நனைந்து உப்பினால் யாரும் யாரையும் திட்டக் கூடாது. கரைக்குப் போகிற புத்தகம் அப்படித்தான் ஆகும். புதுக்கருக்கு மாறாமல் வைத்திருக்க ஆசைப்படுபவர் அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும், வருத்தமில்லை. தொலைத்துவிட்டால் அபராதம் இல்லை, ஆனால் இயற்கை சார்ந்த வேறொரு நூலாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். புத்தகத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாகச் சுற்றுக்கு விடுவதை ஆதரிக்க மாட்டோம். எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் பதிப்பித்தவருக்கும் சேர வேண்டியது சேராமல் போனால் அடுத்த கையேட்டை யார் போடுவார்கள்?

இரவல் கொடுத்தவன் முட்டாள், திருப்பிக் கொடுத்தவன் அவனைவிடப் பெரிய முட்டாள் என்று ஒரு பழைய நகைச்சுவை உண்டு. அந்த இரண்டு வகை முட்டாள்களையும் நம்பித்தான் இறங்கியிருக்கிறோம். கணக்குக்கு ஊருக்கு ஒரு நோட்டு: புத்தகம், கொடுத்தவர், வாங்கியவர், தேதி. அதை வாரா வாரம் தவறாமல் கரைக்கு வருகிற ஒருவர் வைத்திருப்பார். திரும்பாத புத்தகங்களின் பட்டியலை ஆண்டுக்கு ஒரு முறை எல்லார் முன்னிலையிலும் வாசிப்போம்.

முதல் கைமாற்று, சாலிம் அலி பிறந்த நவம்பர் 12-ஐ அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, அவரவர் வழக்கமாகப் பறவை பார்க்கும் ஏரியில், நடை முடிந்தபின் நடக்கும். மழை பிடித்துக்கொண்டால் பக்கத்து டீக்கடையில் வைத்துக்கொள்ளலாம். புத்தகத்தை ரெக்சின் பையில் போட்டு எடுத்துவாருங்கள். சீவிய பென்சில் ஒன்றும் வேண்டும்.