கேட்கிறது தப்பில்லைங்க

1/ பயாப்சி ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும்போது சிலர் தயங்கித் தயங்கி கேட்பாங்க: "டாக்டர், குணமாகணும்னு ஜெபிச்சா தேவ சித்தத்துக்கு விரோதமா?"

2/ கெத்செமனே தோட்டத்தைப் பாருங்க. பாத்திரம் நீங்கணும்னு இயேசுவே கேட்டார். மத்தேயுவில் 3 முறை ஜெபிக்கிறார். வியர்வை இரத்தத் துளி போல விழுந்ததை எழுதினது லூக்கா மட்டும்தான். பவுல் வைத்தியன்னு சொல்ற அதே லூக்கா. பயப்படுறது அவிசுவாசம்னா இது வேதத்துல இருந்திருக்காது.

3/ முதல்ல தன் விருப்பத்தை மறைக்காம சொன்னார். பிறகு முடிவைப் பிதாவிடம் விட்டார். இந்த வரிசை முக்கியம். மனசுல இருக்கிறதைச் சொல்லாமலே "உம் சித்தம்"னு முடிச்சா, எதை ஒப்புக்கொடுத்தோம்?

4/ அதனால அழுது கேளுங்க. ஒப்புக்கொடுத்துட்டேன்னு சிகிச்சையை மட்டும் நிறுத்திடாதீங்க. மாத்திரை போட்டுக்கிட்டே ஜெபிக்கலாம்.